பல்லைக் காக்கும் உகா... உகாவைக் காப்பது யார்?

காலையில் எழுந்ததும் பிரஷ்ஷை எடுக்கிறோம், பேஸ்ட்டைப் பிதுக்குகிறோம், நுரை பொங்கத் தேய்க்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த பிரஷ் குப்பைக்குப் போகிறது. ஆனால் பிரஷ், பேஸ்ட் இரண்டையும் ஒரே குச்சிக்குள் வைத்திருக்கிற ஒரு செடி உண்டு தெரியுமோ? பள்ளிவாசல் வாசலிலும் அத்தர் கடைகளிலும் பென்சில் பருமனில் கட்டுக்கட்டாக விற்பார்களே, ‘மிஸ்வாக்’ என்று... அந்தக் குச்சியைத் தருகிற மரம்தான் அது. அரபு நாட்டில் ‘அராக்’. வட இந்தியாவில் ‘பீலு’. நம் தமிழில் அதற்கு அழகான பெயர் இருக்கிறது: உகா. உகாய் என்றும் சொல்வார்கள்.

“அரபு நாட்டு மரத்துக்குத் தமிழ்ப் பெயரா?” என்று ஆச்சரியப்படாதீர்கள். நம் கடற்கரையிலேயே வளர்கிற மரம் இது. கோடியக்கரைக் காட்டுக்குப் போனவர்கள் இதைக் கடந்துதான் போயிருப்பார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய குறுந்தொகையில் பாலை வழியில் நிற்கும் மரமாக உகா வருகிறது. அதன் அடிமரத்தின் நிறத்துக்குப் புறாவின் முதுகை உவமையாகச் சொல்லியிருக்கிறார் அந்தப் புலவர். எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்க வேண்டும், பாருங்கள்!

நம் பல்லுக்கு இந்த மரம் என்ன செய்கிறது, இதன் உடல்நலம் எப்படி இருக்கிறது என்று இரண்டையும் பார்த்துவிடுவோம். மரத்துக்கு என்ன உடல்நலம் என்கிறீர்களா? உலகத்துச் செடிகொடிகளுக்கெல்லாம் ‘ஹெல்த் ரிப்போர்ட்’ எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். உகாவுக்கும் எழுதியிருக்கிறார்கள். அந்த ரிப்போர்ட்டைச் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டும். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

எப்படி இருக்கும்?

பெரும்பாலும் புதர்தான். நல்ல இடம் கிடைத்தால் சின்ன மரமாக எழும்பும். அடியிலிருந்தே பல கிளைகள் பிரிந்து, நுனி தரையை நோக்கித் தொங்கும். இலை கொஞ்சம் தடிப்பு. கிள்ளி வாயில் போட்டால் கடுகு மாதிரி சுருக்கென்று காரம் ஏறும். காரணம் இருக்கிறது. கடுகும் முட்டைக்கோஸும் முருங்கையும் எந்தப் பெரிய வகுப்பில் வருகின்றனவோ, அதே வகுப்பில்தான் தாவரவியல்காரர்கள் உகாவையும் சேர்த்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்குக் ‘கடுகு மரம்’ என்றும் ‘டூத் பிரஷ் மரம்’ என்றும் இரண்டு பெயர்கள்.

பூ சிறியது, வெளிர் பச்சை. பழம் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, ரோஜா நிறத்தில் தொடங்கி ஊதாவாகப் பழுக்கும். இனிப்பும் காரமும் கலந்த ருசி. கட்ச், ராஜஸ்தான் பக்கத்தில் பிள்ளைகள் இதைப் பறித்துத் தின்பார்கள். வெளிநாட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக வருகிற சூறைக்குருவிகளுக்கும் (ரோஜா மைனா என்பார்களே, அதுதான்) இந்தப் பழம் என்றால் உயிர்.

இதன் விஞ்ஞானப் பெயர் சால்வடோரா பெர்சிகா. ‘சால்வடோரா’ என்பது ஸ்பெயினில், பார்சிலோனா நகரத்தில் மருந்து தயாரித்து விற்ற ஒருவரின் நினைவாக வைத்தது. ‘பெர்சிகா’ என்றால் பாரசீகத்தைச் சேர்ந்தது. 1753-ல் லின்னேயஸ் சூட்டிய பெயர். பெயர்தான் பாரசீகமே தவிர, இதன் வீடு ரொம்பப் பெரிசு. ஆப்பிரிக்காவின் மேற்குக் கோடியில் தொடங்கி அரேபியா, ஈரான், பாகிஸ்தான், குஜராத் வழியாக நம் ராமநாதபுரம், இலங்கை வரைக்கும் நீள்கிறது.

உப்பில் எப்படி உயிர் வாழ்கிறது?

மாங்காயைத் துண்டு போட்டு உப்பைத் தூவி வைக்கிறீர்கள். கொஞ்ச நேரத்தில் துண்டெல்லாம் சுருங்கி, பாத்திரத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறது இல்லையா? வெளியே உப்பு ஜாஸ்தியாக இருந்தால் உள்ளே இருக்கிற நீரை அது இழுத்துவிடும். உப்பு மண்ணில் வைத்த செடிக்கும் இதே கதிதான். காலடியில் ஈரம் இருக்கும், ஆனால் வேரால் உறிஞ்ச முடியாது. கிணற்றடியில் நின்றுகொண்டே தாகத்தில் சாகிற நிலைமை!

உகா இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுகிறது. மண்ணிலிருந்து வருகிற உப்பை இலையின் ஒவ்வொரு செல்லிலும் தனி அறை மாதிரி இருக்கிற ஒரு பைக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறது. செல்லின் வேலைக்கும் பாதகமில்லை. இப்போது உள்ளேயும் உப்பு இருப்பதால் வெளி உப்பு நீரை இழுக்க முடிவதில்லை. இலை தடிப்பாக இருப்பதற்கு இந்தச் சேமிப்பும் ஒரு காரணம்.

இன்னொரு உபகாரமும் உண்டு. கடற்கரையில் காற்று அள்ளிக்கொண்டு வருகிற மணலை இந்தப் புதர் தடுத்து நிறுத்தும். மணல் அதன் மேல் குவியக் குவிய இதுவும் மேலே மேலே வளரும். நாளாவட்டத்தில் அது ஒரு மேடாகிவிடும். அந்த மேட்டுக்குப் பின்னால் மற்ற செடிகள் தைரியமாகத் தலை தூக்கும்.

பல்லுக்கு என்ன நன்மை?

“ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி” என்று நம் பாட்டிமார் சொன்னதை டாக்டர்கள் சோதித்துப் பார்த்த மாதிரியே உகாவையும் சோதித்திருக்கிறார்கள். ஸ்வீடன் நாட்டில், 2008-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி சுவாரஸ்யமானது. ஈறு நோய்க்குக் காரணமான சில பாக்டீரியாக்களைத் தட்டில் வளர்த்தார்கள். மிஸ்வாக் துண்டை அவற்றின் மேல் படாமல், சும்மா மேலே தொங்கவிட்டார்கள். அப்படியும் பாக்டீரியாக்கள் வளர முடியாமல் தவித்தன! ஏதோ ஒன்று ஆவியாக வந்து தாக்குகிறது என்று புரிந்தது. அது என்ன என்று 2011-ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். பென்சைல் ஐசோதயோசயனேட் என்கிற பொருள். பெயர்தான் வாயில் நுழையாது. வாயில் போட்டால் சுருக்கென்று காரம் ஏறுகிறதே, அதற்கு இதுவும் காரணம்.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது. காரம் ஆவியாகிற பொருள் என்பதால், குச்சி காயக் காய சக்தி குறையும். கடித்தால் காரமே இல்லாத பழைய குச்சி, வெறும் நார் மட்டும்தான்.

நாரும் லேசுப்பட்டதல்ல. நுனியை மென்றால் பிரஷ் மாதிரி விரிகிறது, பல்லில் படிந்த பிசுக்கைத் தேய்த்து எடுக்கிறது. மெல்வதால் உமிழ்நீர் நன்றாகச் சுரக்கிறது. வாயைச் சுத்தம் செய்வதில் உமிழ்நீருக்குப் பெரிய பங்கு உண்டு. 2003-ல் வெளியான ஒரு சின்ன ஆய்வில், சவூதியில் 15 பேருக்குச் சரியான முறையைச் சொல்லிக் கொடுத்து, கொஞ்ச நாள் மிஸ்வாக், கொஞ்ச நாள் பிரஷ் என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். மிஸ்வாக் பிரஷ்ஷுக்குச் சளைக்கவில்லை. ‘சரியான முறையைச் சொல்லிக் கொடுத்து’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பல்குச்சி வழக்கம் உள்ள ஊர்களில் அதை ஊக்குவிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 1986-ல் சொன்னது. 2000-ல் நடந்த சர்வதேசக் கருத்தரங்கின் முடிவு, ‘இன்னும் ஆராய்ச்சி வேண்டும்’ என்பது. இரண்டையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஹெல்த் ரிப்போர்ட் என்ன சொல்கிறது?

சரி, மரத்தின் உடல்நலத்துக்கு வருவோம். இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் என்று ஓர் அமைப்பு, 1948-ல் தொடங்கியது. இவர்கள் 1964-லிருந்து ‘சிவப்புப் பட்டியல்’ என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். உலகத்தில் எந்த உயிரினம் எந்த நிலையில் இருக்கிறது என்று அதில் பார்க்கலாம். மருத்துவமனையில் சாதாரண வார்டு, ஐ.சி.யூ. என்று பிரிப்பதைப் போல இதிலும் படிகள் உண்டு. அடிப்படியில் ‘குறைந்த கவலை’. அடுத்தது ‘ஆபத்தை நெருங்குவது’. பிறகு ‘பாதிக்கப்படக்கூடியது’, ‘ஆபத்தில் உள்ளது’, ‘மிகக் கடும் ஆபத்தில் உள்ளது’. அதற்கும் மேலே போனால் காட்டில் அழிந்தது, அடியோடு அழிந்தது!

படியை இஷ்டத்துக்குப் போடுவதில்லை. கணக்கு உண்டு. பத்து வருஷம் அல்லது மூன்று தலைமுறை, இரண்டில் எது அதிகமோ அந்தக் காலத்துக்குள் எண்ணிக்கை எவ்வளவு சரிந்தது என்று பார்ப்பார்கள். சரிவுக்குக் காரணமானவை ஓயவில்லை என்றால், 30 சதவிகிதம் சரிந்தது ‘பாதிக்கப்படக்கூடியது’, 50 சதவிகிதம் ‘ஆபத்தில்’, 80 சதவிகிதம் ‘மிகக் கடும் ஆபத்தில்’. எவ்வளவு பரப்பில் வாழ்கிறது, எத்தனை மிஞ்சியிருக்கிறது என்பதையும் பார்ப்பார்கள்.

இந்தக் கணக்கில் உகாவுக்குக் கிடைத்தது ‘குறைந்த கவலை’. அதாவது பாஸ் மார்க். ஆப்பிரிக்காவிலிருந்து இலங்கை வரை பரவியிருக்கிற மரத்துக்கு வேறு என்ன கிடைக்கும்?

“அப்படீன்னா கவலையே வேண்டாமே!” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டில் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் சுகர் டெஸ்ட் எடுத்து, கூட்டி, ஐந்தால் வகுத்து, ‘இந்த வீட்டு சுகர் நார்மல்’ என்று எழுதிக் கொடுத்தால் சந்தோஷப்படுவீர்களா? தாத்தாவுக்கு மட்டும் எகிறிக் கிடக்கலாமே! சராசரியைப் பார்த்து அவருக்கு ஜாங்கிரி கொடுப்போமா? உகாவின் ரிப்போர்ட்டும் இப்படித்தான். அது உலகம் முழுவதற்குமான சேர்ந்த கணக்கு. சூடானில் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கோடியக்கரையிலோ கட்ச் கரையிலோ ஓரிடத்து உகா அழிந்தால் அந்த இடத்துக்கு அது அழிந்ததுதான். அதை நம்பியிருந்த உயிர்களுக்கு ‘சூடானுக்குப் போய்ப் பிழைத்துக்கொள்’ என்று சொல்ல முடியாது. ‘சின்ன சால்மன் அராப்’ என்று இளஞ்சிவப்பில் ஒரு குட்டிப் பட்டாம்பூச்சி இருக்கிறது. அதன் புழுக்களுக்கு உகா இலைதான் முக்கியமான சாப்பாடு. ஊரில் உகா போனால், இதற்கும் திண்டாட்டம்தான்.

நம் கரையில் என்ன நடக்கிறது?

கடற்கரையில் உப்புத் தரையில் நிற்கிற புதரை யாரும் மரமாகவே மதிப்பதில்லை. ‘சும்மா கிடக்கிற பொறம்போக்கு’ என்றுதான் எழுதுகிறார்கள். உப்பளம் வேண்டும் என்றால் அங்கே, இறால் பண்ணை வேண்டும் என்றால் அங்கே, ரிசார்ட் வேண்டும் என்றாலும் அங்கே. அடுப்புக்கு விறகு வேண்டும் என்றாலும் கை நீளுகிற இடம் அதுதான்.

இதற்கு மேல் ஒரு அழையாத விருந்தாளி. சீமைக் கருவேலம்! ராமநாதபுரத்துக்காரர்கள் வேலிக்காத்தான் என்பார்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். இதற்கும் வறட்சி பொருட்டில்லை, உப்பும் பொருட்டில்லை. மாடும் மானும் இதன் நெற்றைத் தின்று, போகிற இடமெல்லாம் சாணத்தோடு விதைத்துவிடுகின்றன. குஜராத்தின் பன்னி புல்வெளியில் இதைப் பார்க்கலாம், கோடியக்கரையிலும் பார்க்கலாம். உகா மெதுவாக வளர்கிற ஜாதி. பஸ்ஸில் இடம் போடுகிற வேகத்தில் சீமைக் கருவேலம் உட்கார்ந்துவிட்டால், பிறகு உகா கன்றுக்கு நிற்கவும் இடமில்லை. அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்ற 2022-ல் தமிழக அரசு ஒரு கொள்கையையே வெளியிட்டது என்றால் பிரச்னையின் அளவைப் புரிந்துகொள்ளலாம்.

கோடியக்கரை 1967-லிருந்து சரணாலயம். 2002-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. வெளிமானும், பூநாரையும், ஆயிரக்கணக்கான வலசைப் பறவைகளும் வருகிற இடம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அந்தப் பக்கம் கரை கடந்தபோது காட்டு மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. புயலுக்குப் பின் காலியாகிற இடத்தை யார் பிடிக்கிறார்கள், உகாவா, சீமைக் கருவேலமா? காட்டின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிற கேள்வி அதுதான்.

வேரில் கை வைக்காதீர்கள்!

குச்சி வியாபாரத்துக்கு வருவோம். மிஸ்வாக்கைக் கிளையிலிருந்தும் எடுக்கிறார்கள், வேரிலிருந்தும் எடுக்கிறார்கள். வேர்க்குச்சி மெத்தென்று இருக்கும், காரமும் கூடுதல். அதனால் அதற்குத்தான் கிராக்கி. ஆனால் கிளையை வெட்டினால் உகா திரும்பத் துளிர்க்கும். வெட்ட வெட்டத் தழைக்கிற மரம் இது. வேரைத் தோண்டினால்? மணலையும் பிடித்து, நீரையும் தேடிக்கொண்டிருந்த வேர் போனால் அந்த மரத்தின் கதை முடிந்த மாதிரிதான். முடி வெட்டுவதற்கும் கழுத்தை வெட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்!

‘இத்தனை பெரிய மரக்கூட்டத்தில் இதெல்லாம் ஒரு நஷ்டமா?’ என்று நினைக்கிறவர்களுக்கு குக்குலுவின் கதையைச் சொல்ல வேண்டும். மூட்டு வலிக்கும் கொழுப்புக்கும் ஆயுர்வேதத்தில் கொடுக்கிறார்களே, அந்தப் பிசின். அதைத் தருகிற புதரும் குஜராத், ராஜஸ்தான் வறண்ட நிலத்துக்காரர்தான். பிசின் நிறைய வடியட்டும் என்று பட்டையை ஆழமாகக் கீறிக் கீறி, மரங்கள் பட்டுப்போயின. இடமும் சுருங்கியது. இன்றைக்கு சிவப்புப் பட்டியலில் அதன் நிலை ‘மிகக் கடும் ஆபத்தில்’. ஐ.சி.யூ. கேஸ்! ஒரு காலத்தில் அதையும் ‘ஏகப்பட்டது இருக்கிறது’ என்றுதான் நினைத்தார்கள். மருந்துக்காக ஒரு செடியைத் தேடுகிறவர்கள், செடியைச் சாகடித்துவிட்டால் மருந்துக்கு எங்கே போவது?

நல்ல செய்தியும் உண்டு

குஜராத்தில் பரூச் பக்கத்துக் கரிசல் நிலங்கள் சிலவற்றில் உப்பு ஏறி, ஒரு பயிரும் வராமல் தரிசாகக் கிடந்தன. மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிலையம் அங்கே உகாவை நட்டுப் பார்த்தது. பிழைத்தது, காய்த்தது. விதையில் எண்ணெய் இருக்கிறது. சமையலுக்கு ஆகாது. ஆனால் தேங்காய் எண்ணெயில் இருக்கிற லாரிக் அமிலம் இதிலும் நிறைய என்பதால் சோப்புக்கு அருமையாக உதவும். ஒன்றுக்கும் ஆகாது என்று கைவிட்ட நிலத்தில் குச்சி, எண்ணெய், ஆடு மாடு ஒட்டகத்துக்குத் தழை என்று மூன்று வருமானம். இப்படி நட்டு வளர்த்த மரத்திலிருந்து குச்சி வந்தால், காட்டு மரத்தின் வேருக்கு நிம்மதி. கடல்நீர் உள்ளே புகுந்து கிணறெல்லாம் உப்பாகிற நம் கடலோர ஊர்களுக்கும் இது யோசிக்க வேண்டிய விஷயம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* மிஸ்வாக் வாங்கும்போது கிளைக்குச்சி கேட்டு வாங்குங்கள். கிளையில் இலை இருந்த கணு தெரியும். வேரில் கணு இருக்காது.

* கட்டுக்கட்டாக வாங்கிக் காயவைக்காதீர்கள். ஒன்றிரண்டு போதும். காரம் போன குச்சியால் பாதிப் பலன்தான்.

* நுனியில் அரை அங்குலம் தோலைச் சீவி, மென்று நாராக்குங்கள். குச்சி காய்ந்திருந்தால் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறட்டும்.

* ஈறிலிருந்து பல் நுனியை நோக்கி மென்மையாகத் தேய்க்க வேண்டும். குறுக்கே பலமாகத் தேய்த்தால் ஈறு கீழே இறங்கிவிடும். மிஸ்வாக் உபயோகிப்பவர்களிடம் டாக்டர்கள் பார்க்கிற கோளாறு இது. பல்லின் உள்பக்கத்தையும் மறக்காதீர்கள்.

* பழைய நாரை அவ்வப்போது வெட்டிவிட்டுப் புது நுனியை மெல்லுங்கள். ஒருவர் குச்சியை இன்னொருவர் உபயோகிக்கக் கூடாது.

* குழந்தைகளுக்குச் சொத்தைப் பல் வராமல் தடுப்பதில் ஃப்ளோரைடு பேஸ்ட்டின் பங்கு நிரூபணமானது. குச்சிக்காக அதை நிறுத்திவிடாதீர்கள். ஈறில் ரத்தம், பல் ஆட்டம் இருந்தால் குச்சி வைத்தியம் வேண்டாம், பல் டாக்டரைப் பாருங்கள்.

* உகா இலை, பட்டை என்று கஷாயம் போட்டு நீங்களாகவே குடிக்காதீர்கள். பல் விளக்குவது வேறு, மருந்தாக உள்ளே சாப்பிடுவது வேறு.

* கோடியக்கரைக்குச் சுற்றுலா போனால் பிள்ளைகளுக்கு உகாவைக் காட்டுங்கள், ஒடிக்காதீர்கள். சரணாலயத்தில் செடியை வெட்டுவது 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

* கடலோரத்தில் உங்களுக்கு உப்பேறிய நிலம் இருந்தால், வனத்துறை நர்சரியில் உகா கன்று கிடைக்குமா என்று கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால்தான் வளர்க்கிறவர்களும் கூடுவார்கள்.

ரத்தப் பரிசோதனையில் ‘நார்மல்’ என்று வந்த பிறகும் நல்ல டாக்டர் என்ன சொல்வார்? “இதை இப்படியே காப்பாத்திக்குங்க” என்பார். உகாவுக்குக் கிடைத்திருக்கிற ‘குறைந்த கவலை’யையும் அப்படி எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். நோய் முற்றிய பிறகு செய்கிற வைத்தியத்தைவிட, ஆரோக்கியமாக இருக்கும்போது காட்டுகிற அக்கறைக்குச் செலவு குறைவு. மனுஷனுக்கும் சரி, மரத்துக்கும் சரி!